திருமூர்த்தியின் பெயரில் வந்தவை

சூலூரில் பன்னிரண்டு தறி வைத்து, துண்டு நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் திருமூர்த்தி. வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கமாட்டார். எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் மாட்டார்.

1999-ல் மெயில் எடுத்தபோதும் அப்படித்தான். செவ்வாயும் வெள்ளியும் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் போவார். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மெஹராஜ், அவர் சொல்லச் சொல்லத் தட்டுவான். கண்ட விளம்பரத்துக்கும் "தற்சமயம் தேவைப்படவில்லை, நன்றி" என்று பதில் போகும்.

"ஏனுங்ணா, எடை குறைக்கற மாத்திரை விக்கறவனுக்குப் பதில் போடற ஆளு ஊருக்குள்ள நீங்க ஒருத்தர்தானுங்க. நீங்களே அம்பது கிலோ இருப்பீங்களா?"

"மதிச்சு எழுதியிருக்கான் மெஹராஜு. சும்மா உட்டுப்போட்டா நல்லாவா இருக்கும்?"

பதில் போனதால் அந்த முகவரியில் ஆள் இருப்பது தெரிந்துவிட்டது. ஆவணியில் எவனோ அதையே அனுப்புநர் இடத்தில் போட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் விளம்பரம் அனுப்பினான். திட்டி வந்தவர்களிடம் அவர் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்.

மகள் மோகனப்பிரியா சென்னையில் ஒரு கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டாள். அங்கேயும் அவர் பெயரில் நாளுக்கு நூறு வந்தது. அவள் ஒரே வரியில் விதி எழுதினாள்: அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் யார் கண்ணிலும் படாமல் தனி ஃபைலுக்குப் போகட்டும். அவளுக்கு அவர் மெயில் எழுதியதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை போன்தான். வேறு முகவரி எடுத்துக் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் டாக்டர் அவருக்கு நெஞ்சில் அடைப்பு, சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும் என்றார். போன் கூடத்தில் இருந்தது. பக்கத்திலேயே மனைவி சென்னியம்மாள். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று, மெஹராஜைத் தட்டச் சொல்லி மகளுக்கு மெயில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள்.

"அம்மணி, மெயிலெல்லாம் பாக்கறயா?"

"தெனமும் பாக்கறேனுங்கப்பா. அதுதானுங்களே பொழப்பு."

படித்துவிட்டாள், என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். "செரி கண்ணு, அம்மாகிட்டப் பேசு."

செவ்வாய்க்கிழமை மெஹராஜ் உதட்டைப் பிதுக்கினான். "ஒண்ணும் வரலீங்ணா. இன்னொருக்கா போட்டுப் பாக்கலாமுங்களா?"

"வேண்டாம். புள்ள யோசிச்சுச் சொல்லும்."

மறுநாள் காலை தறிக் கொட்டகையில் சாய்ந்தார். ஆஸ்பத்திரி வரை தாங்கவில்லை.

அப்பா மெயில் போட்டது, துக்கம் கேட்க வந்த மெஹராஜ் சொல்லித்தான் மகளுக்குத் தெரியும். காரியம் முடிந்து சென்னை போய் அந்த ஃபைலைத் திறந்தாள். மூவாயிரத்துக்குப் பக்கம் இருந்தன. அவர் எழுதியது ஒன்றே ஒன்று, இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ்: "கண்ணு, ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க. நீ சொன்னா பண்ணிக்கறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பதில் போடு."

விதியை எடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவர் பெயரில் பழையபடி நாளுக்கு நூறு வந்தது. ஒவ்வொன்றையும் திறந்து, கடைசி வரி வரை பார்த்துவிட்டுத்தான் அழித்தாள்.