அணையைவிடப் பெரிய எருமை

என் தம்பி பொய் சொல்கிறான். மகளுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்து வளர்க்கிறானாம். கல்யாண வீட்டில், சலூனில், பேப்பர் கடையில், ஆள் கிடைத்த இடத்தில் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவள் வரைந்த படம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதற்கும் அவன்தான் காரணமாம். இல்லை. அந்தப் படத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டவன் அவன். கூடைக்குள் கையை விட்டு எடுத்தவள் அவனுடைய அக்காவாகிய நான்.

சிவகாசியில் எங்களுக்கு ஒரு ஆப்செட் பிரஸ் இருக்கிறது. அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து விட்டுப்போனது. மிஷினை அவன் பார்க்கிறான், பைண்டிங்கை நான் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. ‘பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்’ என்று வருஷக்கணக்காக அடித்து அடித்து அவன் மண்டைக்குள்ளும் அதே வரி அச்சாகிவிட்டது. பெற்ற பிள்ளையையே பட்டாசு என்று நினைத்துவிட்டான்.

பிள்ளைக்கு ஒன்பது வயது. வீட்டில் மேஜை முனைகளில் எல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறான். காம்பவுண்டுக்குள் சைக்கிள் ஓட்டவும் ஹெல்மெட் போட வேண்டும். ஆவி அடங்காத இட்லி அவள் தட்டுக்கு வராது. ஊர் உலகத்துக்கெல்லாம் வெடி அனுப்புகிற ஊரில் பிறந்தவள், போன தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பை ஒட்டடைக் கம்பு நுனியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு வாளித் தண்ணீர், அந்தப் பக்கம் ஒரு வாளி மணல், பின்னால் அவன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் வேஸ்ட் லேபிள் ஒன்றைப் பசை தடவி அவன் சட்டை முதுகில் ஒட்டிவிட்டாள். ‘எச்சரிக்கை. கையில் வைத்து வெடிக்கக் கூடாது.’ அதோடு பேங்குக்குப் போய், வரிசையில் நின்று, திரும்பி வந்தான். ஒரு ஆள் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

இன்னொரு வியாதியும் அவனுக்கு உண்டு. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு லென்ஸ் வைத்திருப்போம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் வீட்டுப்பாட நோட்டைப் பார்ப்பான். ‘ழ’வின் வால் கோட்டைத் தாண்டினால் பக்கத்தையே கிழிப்பான். மிஷினில் கலர் பிசகி முதலில் வரும் தாள்களை நாங்கள் வேஸ்ட் என்று ஒதுக்குவோம். அது தாள். இது பிள்ளை. இந்த வித்தியாசம் தெரியாதவனை என்ன சொல்வது?

ஆனைக்குட்டம் அணைக்கு அவனும் ஒருதடவை அவளைக் கூட்டிப்போனான். கார்க் கண்ணாடியை இறக்காமல், “அந்தா தெரியுதுல்ல, அதான் அணை,” என்று காட்டிவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருதுநகருக்கு ஜவுளி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் அவளை நான் அணைக்குக் கூட்டிப்போனேன்.

தண்ணீரிலிருந்து ஒரு எருமை ஏறி வந்தது. நேராக அவளுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் வந்து நின்றது. நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. கவுன் முழுக்கச் சேறு. வீல் என்று கத்தினாள். பிறகு சிரித்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி அதன் மூக்கைத் தொட்டாள். “அத்தை, ஈரமா இருக்கு!” என்று அவள் சொன்ன சத்தத்தில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. வரும் வழியில் ஒரு பம்புசெட்டில் கவுனை அலசி, ஸ்கூட்டரிலேயே காயவைத்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊர்’ என்று படப் போட்டி வைத்தார்கள். பிள்ளைகள் தங்கள் கையால் வரைய வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவள் இரண்டு நாள் குப்புறப் படுத்து அணையை வரைந்தாள். முன்னால் ஒரு எருமை. தாளில் பாதி எருமைதான். “ஒருநாளாவது இது சுவத்துல தொங்கணும் அத்தை. எல்லாரும் பாக்கணும்,” என்றாள்.

தம்பி லென்ஸோடு வந்தான்.

“ஏ புள்ள, என்ன இது? எருமை அணையை விடப் பெருசா இருக்கு!”

“அது பெருசுதாம்ப்பா.”

“நீ எருமையை எங்கன பாத்த?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“புத்தகத்துல,” என்றாள்.

“பிள்ளைக எல்லாம் சிரிக்கும். நான் பாத்துக்கிடுதேன்,” என்று சொல்லிக் கசக்கிப் போட்டான். பிள்ளை அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே அவனை அறையத் தோன்றியது. அறையவில்லை. படத்தை எடுத்துப்போய், கட்டிங் மிஷினில் தாளை அமுக்கிப் பிடிக்கும் பலகைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துச் சுருக்கத்தை எடுத்தேன்.

அவனோ பிரஸ்ஸில் டிசைன் போடுகிற பையனிடம் கம்ப்யூட்டரில் அணையை வரையச் சொன்னான். எருமை எறும்பு அளவுக்குப் போய்விட்டது. பிளேட் போட்டு, நாலு கலரில் அடித்து, தண்ணீர் மட்டும் மினுங்குகிற மாதிரி மேலே ஒரு பூச்சும் கொடுத்தான்.

“ஏலே, ஒத்தைப் படத்துக்கா மிஷினை ஓட்டுத?”

“ஆயிரத்துக்குக் கொறஞ்சா கலர் செட் ஆகாதுக்கா.”

ஆயிரம் அடித்தான்.

போட்டி நாளில் பள்ளிக்கூட ஹாலைப் பார்த்தால் பட்டாசுக் கடை மாதிரி இருந்தது. சுவரெல்லாம் மினுமினுப்பு. ஒரு படத்தில் தங்க எழுத்து. ஒன்று கோயில் கோபுர வடிவத்திலேயே வெட்டி எடுத்தது. எல்லாம் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ‘தங்கள் கையால்’ வரைந்தவை. பெற்றவர்கள் முகத்தில் கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

விருதுநகரிலிருந்து வந்திருந்த நடுவரம்மா எங்கள் அணைக்கு முன்னால் நின்றார். குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“என்னங்க இது? கீழ ஒரு பிரஸ் பேரு, போன் நம்பரு... பிரதிகள் ஆயிரம்னு போட்டிருக்கு. பாப்பா ஆயிரம் படமா வரைஞ்சா?”

எங்கள் டிசைன் பையனுக்கு அது பிள்ளையார் சுழி மாதிரி. நோட்டீஸோ போஸ்டரோ எதைச் செய்தாலும் கடைசியில் அந்த வரியைப் போடாமல் கை நிற்காது. நடுவரம்மா அடுத்த படத்துக்குக் கீழே பார்த்தார். அதிலும் எங்கள் பிரஸ். அதற்கடுத்ததிலும். மொத்தம் பதினொன்று. என் தம்பி இரண்டு வாரமாக மற்ற அப்பாக்களிடமும் ‘அர்ஜெண்ட்’ என்று ஆர்டர் பிடித்திருக்கிறான்! மிச்சப் படங்களின் அடியில் பக்கத்துத் தெருப் பிரஸ்களின் பெயர்கள்.

“கையால வரைஞ்சது ஒண்ணாவது இருக்கா?” என்று கேட்டார்.

ஒன்று இருந்தது. தாயில்பட்டியிலிருந்து வரும் ஒரு பிள்ளையுடையது. அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். காலையில் அம்மாவை ஏற்றிப்போகும் வேனை வரைந்திருந்தாள். ஜன்னல் ஒவ்வொன்றிலும் மூன்று முகம், அத்தனையும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தன.

என் மருமகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் ஓடிவந்தாள். “அத்தை, அது இருக்கா?” பையிலிருந்து எடுத்தேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

“வேண்டாம்க்கா, கசங்கிக் கிடக்கு. மானம் போயிரும்.”

“அது ஏற்கெனவே ஆயிரம் பிரதி போயிருச்சுலே.”

நடுவரம்மா படத்தை வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தார். “எருமை ஏன் பாப்பா இம்புட்டுப் பெருசு?”

“அது எனக்குப் பக்கத்துல நின்னுச்சு. அணை தூரத்துல இருந்துச்சு.”

நடுவரம்மா படத்தைத் தள்ளிப் பிடித்து இன்னொருதடவை பார்த்தார். பிறகு அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ‘சரியாத்தானே வரைஞ்சிருக்கா!’ என்று யாரோ சொன்னார்கள். தம்பி மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“அன்னைக்கு ஜவுளி எடுக்கத்தான போனீக?”

“ஆமா. எருமைக்கு ஒண்ணும் பிடிக்கலை.”

வேன் படத்துக்கு முதல் பரிசு. எருமைக்கு இரண்டாம் பரிசு. போட்டியில் நின்றதே இரண்டு படம்தான், அதனால் இவள் கடைசி என்றும் சொல்லலாம். அவளிடம் சொல்லிப் பாருங்கள். ரிப்பன் அவிழ்ந்து தொங்க அந்த ஹாலை நாலு சுற்றுச் சுற்றினாள். தாயில்பட்டிப் பிள்ளை “முட்டாதா?” என்று கேட்க, இவள் எருமை மாதிரியே உடம்பை உதறிக்காட்ட, இரண்டும் தரையில் உருண்டு சிரித்தன. எந்த முனையிலும் ஸ்பாஞ்ச் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சம் அச்சுப் படங்கள் பிரஸ்ஸில் கிடக்கின்றன. பின்பக்கம் வெறும் வெள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, தினமும் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு எருமை வரைகிறாள். ஹெல்மெட் போட்ட எருமை. லென்ஸ் வைத்து நோட்டுத் திருத்துகிற எருமை. அதற்கு மீசைகூட உண்டு. மிஷின் ரூம் சுவரில் இனி இடமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேச என் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆமாம், அவனைத்தான். அவனே போய்க் கேட்டு வாங்கினானோ என்னவோ. நேற்று மகள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “என் எருமை நல்லாருக்குன்னு மைக்குல சொல்வீகளாப்பா?” அதற்கு இவன், “காலு கோணலா இருக்கு, முதல்ல அதைச் சரி பண்ணு,” என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏலே தம்பி, நீ எழுதி வைத்திருக்கிற பேச்சை ஓரமாக வை. அந்தப் படத்தைக் கசக்கியது யார்? அந்த எருமை நன்றாக இருக்கிறதா, இல்லையா? இரண்டு கேள்விதான். வீட்டுக்கு வந்து என் காதில் சொல்லாதே. அத்தனை பேர் முன்னால் மைக்கில் சொல். உன் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.