கூட்டாத வாசல்

அண்மையில் ஒரு காலை, பூசை முடித்து எழுந்த என்னிடம் மகள் தன் கைபேசியை நீட்டினாள். நாட்டின் வடகோடியில், லடாக்கு மலைகளின்மேல், வானம் குங்குமக் குழம்பாய்ச் சிவந்து கிடந்தது. சூரியனிலிருந்து எழுந்த காந்தப் புயல் பூமியைத் தாக்கியதாம். பூமியின் காந்தம் கலங்கும்போது வடக்கே வானம் இப்படி நிறம் மாறுமாம். காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே வெகு அருகில் ஓடுவதால் திண்டுக்கல்லில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாதாம். "ஒரே புயல்தான்மா. அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி" என்றாள்.

ஆகாயமாய் விரிந்து நிற்பவனே என்று நாள்தோறும் இறைவனைப் போற்றுகிறவள் நான். அந்த ஆகாயம் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது எனக்குப் புதிய செய்தியன்று. சிறுமியாக இருந்தபோதே அதைக் கண்டிருக்கிறேன். கண்டது இன்னதென்று அறியாமல் கண்டிருக்கிறேன்.

அப்போது எங்கள் குடும்பம் திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிய தெருவொன்றில் இருந்தது. தந்தையின் தம்பியான சித்தப்பா, மாடியில் பலகை அடித்துப் பந்தயப் புறாக்கள் வளர்த்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு பாய் அவருக்குக் கூட்டாளி. புறாக்களைக் கூடைகளில் அடைத்து, ரயிலில் நெடுந்தொலைவு கொண்டுபோய், ஒரு விடியலில் திறந்துவிடுவார்கள். எவர் வீட்டுப் புறா முதலில் கூடு திரும்புகிறதோ அவருக்கு ஒரு பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தைக் காட்டிலும், அடுத்த பந்தயம்வரை மற்றவர்களைக் கேலி செய்யும் உரிமையே பெரிதாக மதிக்கப்பட்டது.

ஒருவர் பயணம் புறப்பட்டதும் வாசலைக் கூட்டக் கூடாதென்பது எல்லா வீடுகளிலும் உள்ளதே. கூட்டினால் போனவரையும் சேர்த்துத் தள்ளியதாகிவிடும். புறாக்காரர்கள் இதை இன்னும் சற்று நீட்டி வைத்திருந்தார்கள். கூடை திறக்கும் நாள் விடிந்தது முதல் முதற்புறா வந்து இறங்கும்வரை, கூடை கொண்டுபோனவர் வீட்டு வாசலில் விளக்குமாறு படலாகாது. கூட்டாத வாசலில் கோலமும் கிடையாது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் குப்பை. அதை யாரும் பொருட்படுத்தியதில்லை.

அவ்வாண்டு கூடைகளோடு போபாலுக்குப் போகும் முறை சித்தப்பாவுடையது. மணமாகி ஓராண்டு நிறையாத சித்தி, வழியில் உண்ணப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அதே விடியலில் இளம்புறாக்களை விழுப்புரத்தில் திறந்துவிடப் பாயின் தம்பி போயிருந்தார்.

விழுப்புரத்துப் புறாக்கள் உச்சிப்பொழுதுக்குள் ஒன்றும் குறையாமல் வந்து சேர்ந்தன. வெயில் நன்றாக அடித்தது. மேகம் இல்லை, காற்றும் இல்லை. மறுநாள் அந்தியில் நாங்கள் அனைவரும் மாடியில் நின்று வடக்கே பார்த்தோம். மலைக்கோட்டைக்கு மேல் பருந்துகள் சுற்றினவே தவிர, ஒரு புறாவும் இல்லை.

"செத்த நேரம் பாப்போம்" என்றார் பாய். விளக்கேற்றும் நேரம் வந்தது. "ராத்திரிக்கு எங்கயாச்சும் தங்கிருக்கும். காலைல வந்துரும் பாருங்க."

காலையில் வந்தவை எங்கள் புறாக்கள் அல்ல. எங்கிருந்தோ இரண்டு புறாக்கள் தாழப் பறந்து வந்து, பிறந்தது முதல் அங்கேயே வாழ்ந்தவைபோல் எங்கள் கூண்டினுள் நடந்து சென்றன. காலில் வேற்றூர் வளையங்கள். கம்பு வைத்தோம், தின்னவில்லை. கூண்டின் மூலையை நோக்கித் திரும்பி, பலகையில் நெற்றி முட்டும்படி நின்றன. கையால் திருப்பி வைத்தால் மறுபடியும் மூலையையே நோக்கின. அவற்றின் கண்கள் திறந்திருந்தன. ஆனால் எதையும் பார்க்கவில்லை. அதன்பின் நான் தனியே மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

பாய் அவற்றை வெகு நேரம் பார்த்துவிட்டுத் தந்தையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணே, வானத்துல கோளாறுன்னா விழுப்புரத்துக் குஞ்சுகளும்ல வராம போயிருக்கணும்? அதுக வந்துருச்சே. ரெண்டுக்கும் ஒரே வானம்தானே. அப்ப கூடையவே தொறக்கல."

"தொறக்கலன்னா?"

பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி, உதறி, மீண்டும் அணிந்துகொண்டார். கூடை திறக்கவில்லையென்றால் திறக்க வேண்டியவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. ஒரே வானம் என்ற கணக்கிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவு அது. கணக்கில் எவரும் பிழை காணவில்லை. தந்தி கொடுத்துக் கேட்கவோ, போபாலில் எங்களுக்கு அறிந்தவர் ஒருவரும் இல்லை.

வாசலில் வேப்பஞ்சருகு சேர்ந்துகொண்டே இருந்தது. ஆட்டுப் புழுக்கைகள், கிழிந்த வாழையிலை, யாரோ குடித்தெறிந்த சுருட்டின் துண்டு. முதல் நாள், "என்னக்கா, புறா ராசா இன்னும் எறங்கலையா?" என்று கேலி பேசிப் போன பெண்கள், பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கடந்தார்கள். அப்புறம் எதிர்ச்சாரியிலேயே நடக்கத் தொடங்கினார்கள். சருகு மட்டும் இரவும் பகலும் முற்றத்தில் தானாக நகர்ந்து உரசிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே வரத் தயங்கி நிற்பதுபோல் இருக்கும். போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்.

சித்தியின் பிறந்த வீடு எரியோட்டுப் பக்கம். மல்லிகை பயிரிடுகிறவர்கள். பூச்சந்தைக்கு மூட்டை கொண்டுவந்த அவள் தமையன், திரும்பும் வழியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். கோலமற்ற, நாள்கணக்கில் கூட்டப்படாத வாசலைக் கண்டார். வாயிற்படியில் ஒரு தலையும் தெரியவில்லை, பேச்சொலி இல்லை. புறாக்காரர் வழக்கத்தை எரியோட்டில் யார் அறிவார்? ஒரு சொல்லும் கேளாமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர்கள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். சித்தியின் தாய் தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். இன்னும் நிகழாத ஒரு சாவுக்கு எங்கள் வாசலில் ஒப்பாரி எழுந்தது.

"எதுக்கு இம்புட்டு அழுகை?" என்றாள் சித்தி. "யாரு சொன்னா ஒங்களுக்கு? அவுக வருவாக."

"சேதி வந்துருச்சாத்தா?"

"வரல."

"அப்பறம் வாசலு ஏன் இப்பிடிக் கெடக்கு?"

என் தாய் வழக்கத்தை விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல, அது ஆறுதலாக ஒலிக்காமல் சாட்சியம்போல் ஒலித்தது. புறா வரவில்லை, நாள்கள் கடந்துவிட்டன, விழுப்புரத்துப் புறா வந்துவிட்டது. வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அழுகை இம்முறை மெல்ல, ஐயமற்றுத் தொடங்கியது.

தந்தை பொறுமை இழந்தார். "போதும். வாசலக் கூட்டுங்க மொதல்ல. எழவு வீடு மாதிரி வச்சிருந்தா எழவுதான் வந்து சேரும்."

தாய் விளக்குமாற்றை எடுத்து வந்தார். சித்தி ஓடிப்போய் முற்றத்தின் நடுவில், சருகின்மேல் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டாள்.

"எந்திரி தாயி."

"என்னயக் கூட்டித் தள்ளிட்டு அப்பறமா வாசலக் கூட்டுங்கக்கா."

தாயின் கை உயரவில்லை. வெயில் ஏறியது. குடை பிடிக்கப் போனவர்களையும் சித்தி அண்டவிடவில்லை. கோயிலில் கருவறை மூர்த்தியைக் கண்ணிமையாமல் நோக்கி நிற்கும் அடியாரைப் பிற்காலத்தில் காணும்போதெல்லாம், அன்று அவள் தெருவை நோக்கி அமர்ந்திருந்த நிலைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

பிற்பகலில் சித்தப்பா வந்தார். தோளில் வெறுங்கூடைகள்; தாடி வளர்ந்து, கண்கள் குழிந்து, அடையாளமே மாறியிருந்தார். கூட்டத்தைப் பார்த்துத் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"யாருண்ணே செத்தது?"

சித்தியின் தாய், அவிழ்ந்த கூந்தலை அவசரமாக அள்ளி முடிந்துகொண்டார். கடைசியில் பாய்தான், "ஒன்னய அடக்கம் பண்ணத்தான் மாப்ளே வந்துருக்காக. நீயே வந்துட்ட, சோலி மிச்சம்" என்றார். ஒருவர் சிரித்தார், பிறகு சிலர் அழுதார்கள்.

நடந்ததைச் சித்தப்பா தண்ணீர் குடித்த பிறகே சொன்னார். கூடைகளை உரிய விடியலில்தான் திறந்திருக்கிறார். புறாக்கள் எழுந்து, ரயில் நிலையத்துக்கு மேலே வட்டமிட்டன. வழக்கமாக இரண்டு சுற்றில் தெற்கே கிளம்பிவிடும். அன்று வெயில் ஏறும்வரை சுற்றிக்கொண்டே இருந்தன. பிறகு சிதறி, திசைக்கு ஒன்றாய்ப் போயின. சில, கூரையிலேயே இறங்கிக் குந்திக்கொண்டன. அவற்றை எப்படியும் பிடித்துவிடலாம் என்று அங்கேயே தங்கி, ஒன்றையும் பிடிக்காமல் திரும்பியிருக்கிறார்.

"தெக்கு எதுன்னே அதுகளுக்கு மறந்துபோச்சுண்ணே. பாக்கவே பயமா இருந்துச்சு. ரயில்ல ஒரு பட்டாளத்துக்காரர் வந்தாரு. வடக்க அவுக காவல் காக்குற மலையில வானம் ரத்தமாச் செவந்துச்சாம். தீப்பிடிச்சிருச்சுன்னு எந்திரிச்சு ஓடியிருக்காக."

"இங்க ஒண்ணும் செவக்கலயே" என்றார் பாய், ஏதோ ஏமாற்றப்பட்டவர்போல.

அந்தப் பறவைகளைத் திகைக்கச் செய்தது காந்தப் புயல்தான் என்று நான் சாதிக்க வரவில்லை. கற்றவர்களே அதில் கருத்து வேறுபடுகிறார்களாம். வடகோடியில் வானத்தையே சிவப்பாக்கியது, நடுவில் பறவைகளின் வழியைக் குலைத்து, எங்கள் தெருவுக்கு வரும்போது வெறும் வெயிலாக வந்தது என்று மட்டும் இன்று எண்ணிக்கொள்கிறேன். எங்கள் புறாக்கள் கடைசிவரை வரவில்லை. மூலையைப் பார்த்து நின்ற இரண்டும் ஒரு விடியலில் காணாமற்போயின.

அன்று மாலை, வந்தவர்களுக்குச் சோறாக்கும் சந்தடியில், சித்தி என்னை அடுக்களைக்கு அழைத்தாள். துவரம்பருப்புப் பானைக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். அவிழ்த்தால், உள்ளே அவளுடைய கண்ணாடி வளையல்கள். என் முன் கையை நீட்டினாள். நான் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டேன்.

"ஏன் சித்தி, பருப்புக்குள்ள வச்சீங்க?"

"எங்காத்தா ஆளுக வண்டியவிட்டு எறங்கையிலேயே கழட்டி வச்சுட்டேன். ஒடச்சுருவாகடி."

வீடு முழுவதும் நன்கு வளர்ந்த பெரியவர்கள். அவர்களில் யார் போய் வளையலை உடைப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டு உடைக்கும் என் தம்பியைத்தான் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். இனி அவனை அடுக்களைப் பக்கமே விடமாட்டேன் என்று சித்தியின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.