அலமாரிமேல் இருந்த மூட்டை

சலோமேயாவின் வீட்டில் அலமாரிக்கு மேல் ஒரு மூட்டை இருந்தது. நாலு லினன் விரிப்புகள், கம்பளி உள்ளாடைகள், ஒரு பை காய்ந்த ரொட்டி. ரொட்டியை மட்டும் அறுவடைக்குப் பின் மாற்றுவாள், பழையது கோழிகளுக்கு. ஓல்ஷானெக் கிராமத்தில் எல்லார் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு.

போர் முடிந்த வருடம், கிழக்கே இருந்த சொந்த ஊர்கள் சோவியத்துக்குப் போய்விட, மாட்டோடும் கலப்பையோடும் சரக்கு ரயிலில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். அதற்குச் சற்று முன்புதான் அந்த ஊர் ஜெர்மானியர்களை புது எல்லையான நெய்ஸ்ஸே ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டியிருந்தார்கள். சலோமேயா நுழைந்தபோது அடுப்பின்மேல் பாதிச் சட்டி சூப் அப்படியே இருந்தது. வீட்டின் சொந்தக்காரர்கள் என்றைக்காவது திரும்பி வருவார்கள், அன்று கிளம்ப வேண்டியிருக்கும் என்று அன்றே எல்லாருக்கும் தோன்றிவிட்டது. அதனால் ஊரில் யாரும் கூரையை மாற்றவில்லை, பழமரம் நடவில்லை. ஒழுகும் இடத்தில் வாளி வைத்தார்கள். பிறகு பெரிய வாளி.

அவள் கணவன் லுட்விக்குக்குப் பக்கவாதம் வந்ததும் வாளி போதவில்லை. வீட்டில் கணப்பு இருந்தது ஒரே அறையில், ஒழுகியதும் அங்கேதான். அந்தக் கோடையில் மழை விடவே இல்லை. புழக்கத்தில் இருந்த இரண்டு விரிப்புகளும் காயவில்லை. அவனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதைப் பார்த்தாள். மருத்துவ நிலையத்து நர்ஸ் சொல்லியிருந்தாள்: சிவந்தால் இன்னும் நேரமிருக்கிறது, கிழிந்தால் இல்லை. ஈரத்தில் மட்டும் போடாதே.

"மூட்டையில இருக்கிற விரிப்பை எடுக்கிறேன்" என்றாள்.

"தொ... தொடாதே" என்றான் லுட்விக். வாய் ஒரு பக்கம் இழுத்தாலும் அந்தச் சொல் தெளிவாக வந்தது. "போகும்போது என்ன பண்ணுவ?"

போர் முடிந்து இருபத்தேழு வருடம் கழித்து, அந்த வருடம்தான் எல்லைப் பாலத்தைத் தாண்ட விசா வேண்டாம் என்று அறிவித்திருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தியோஃபிலா வேலியோரம் வந்து நின்றாள்.

"யக்கா, மேலத்தெருவுல ஒரு ஜெர்மன் கார் ஊர்ந்துக்கிட்டு வருது. வீடு வீடா பாக்குறாங்க. உன் வீட்டுக்கு வந்தா வாளியையும் சேத்துக் குடுத்துடு, அவங்களுக்குத்தான் வேணும்."

"உன் வீட்டுக்கு வந்தா உன் புருஷனைச் சேத்துக் குடு" என்றாள் சலோமேயா. சொல்லிவிட்டு மேலத்தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

கார் அவள் வாசலில்தான் நின்றது. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி காப்பிப் பொட்டலத்தோடு இறங்கினாள். ஓட்டி வந்த மகன் இறங்கிச் சுவரை, கொட்டகையை, புகைபோக்கியைப் படம் எடுக்கத் தொடங்கினான். போர்க்காலத்தில் ஜெர்மானியப் பண்ணையில் கட்டாய வேலை செய்தவள் சலோமேயா. அவர்கள் மொழி அவளுக்குப் புரியும்.

"நான் இர்ம்கார்ட். இங்கதான் பொறந்தேன். ஒரு தடவை உள்ள பாத்துட்டுப் போயிடுறேன்."

"நோயாளி படுத்திருக்காரு."

"சத்தம் போடமாட்டேன்."

சலோமேயா வழிவிட்டாள். இர்ம்கார்ட் சுவரைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு மேலே கறுத்திருந்த உத்தரத்தைப் பார்த்தாள்.

"இன்னுமா ஒழுகுது? எங்கப்பாவும் ஓடுகளை மாத்தி மாத்தி ஏமாந்தாரு. ஓடு இல்லீங்க. புகைபோக்கி ஓரத்துத் தகடு."

வீட்டின் எலும்புவரை தெரிந்தவள் இவள். கேட்டுவிடுவதே மேல்.

"எப்ப வரப்போறீங்க?"

"எங்க?"

"இங்க. திரும்பி."

"அக்கரையில எனக்குக் குடியிருப்பு இருக்கு. குழாயில வெந்நீர் வருது. எங்கம்மாதான் அடுத்த வாரம் இங்க திரும்பிடலாம்னு சாகிறவரைக்கும் பெட்டியைப் பிரிக்கல. அடக்கம் பண்ண நல்ல துணி தேடினப்போ எல்லாம் பூச்சி அரிச்சுக் கெடந்துச்சு."

"நீங்க வரமாட்டீங்க. உங்க மகன்?"

"அவன் பேச்சுக்கு நான் எப்படிங்க உறுதி சொல்றது."

கார் போனதும் சலோமேயா நாற்காலி போட்டு ஏறி மூட்டையை இறக்கினாள். லுட்விக் கட்டிலிலிருந்து முனகினான். கம்பளி உள்ளாடைகள் கையில் பொடியாக உதிர்ந்தன. விரிப்புகள் மடிப்புகளில் மஞ்சளாகியிருந்தாலும் முழுசாக, உலர்ந்து இருந்தன.

கட்டிலை ஒழுக்குக்கு அப்பால் இழுத்துப்போட்டாள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, உலர்ந்த விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினாள்.

"நாளைக்கே போகச் சொன்னா?" என்றான் அவன்.

"சொன்னா உன்னைத் தூக்கணும். முதுகு முழுசா இருந்தாத்தான் தூக்க முடியும். அந்தப் பக்கம் திரும்பு."

சலோமேயா கூப்பிட்டதும் தியோஃபிலாவின் புருஷன் ஏணியோடு வந்தான். ஊர் பார்க்கப் பகலிலேயே கூரையில் ஏறிப் புகைபோக்கி ஓரத்தில் புதுத் தகடு அடித்தான். சுத்தியல் சத்தம் தெருமுனைவரை கேட்டது. கீழே ஏணியைப் பிடித்திருந்த சலோமேயா, சாலையில் ஏதாவது வண்டி வேகம் குறைக்கும்போதெல்லாம் அவனை நிறுத்தச் சொல்லிக் காதுகொடுத்தாள். வண்டி போனபின், "ம், அடி" என்றாள்.

லுட்விக்கின் தோல் கிழியவில்லை. ரொட்டிப் பையை மட்டும் அவள் திரும்ப அலமாரிமேல் வைத்தாள்.