கடைசி கேஜ்

பெங்களூர் போகும் காலை ரயில் பங்காருபேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே அமர்ந்திருந்த பெண் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீ மைசூர் மைன்ஸ் பொண்ணுதானே? உங்க லைன் தலைவரம்மா போய்ட்டாங்களாமே."

பங்காருபேட்டையில் இறங்கி, அடுத்த ரயிலில் ஊர் திரும்பினேன்.

ஃபுளோரா அக்கா எங்கள் நகரசபையின் தலைவராக இருந்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீட்டு வரிசையான எங்கள் லைனில் எனக்குப் பக்கத்து வீடு. அவரை அடக்கம் செய்த பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில், "நல்லவங்க, ஆனா விட்டுக்கொடுக்கத் தெரியாதவங்க" என்று ஒருவர் வருத்தத்தோடு சொன்னார். அங்கே நான் எதுவும் பேசவில்லை. அக்கா பதவியை இழந்த வாரத்தில் கூடவே இருந்தவள் என்பதால் இங்கே சொல்கிறேன்: வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை.

அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிட்டன. டேங்கர் தண்ணீர்தான். எந்தத் தெருவுக்கு எப்போது என்ற வரிசையை வகுத்தவர் அக்கா. அதில் அவர் குடியிருந்த லைனுக்கு, அதாவது எங்களுக்கு, கடைசி இடம். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரி. "ஷிப்ட் முடிஞ்சா ஆளுங்கள எல்லாம் மேல அனுப்பிட்டு, கடைசி கேஜ்லதான் எங்கப்பா ஏறுவாரு. தண்ணியும் அப்டிதான்" என்பார். ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கி ஏற்றிய அந்த இரும்புக் கூண்டு நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. அக்காவுக்கு மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

எங்களிடம் வரும்போது டேங்கரில் பாதிகூட இருக்காது. எதிர்வீட்டு ராணி அக்கா தெருவில் நின்றே திட்டுவார். "உனுக்கு ஓட்டு போட்டோம் பாரு, எங்கள சொல்லணும். தலைவரு லைன்னு பேரு, கொடம் காலி."

"காலிக் கொடம்தானே, தாளம் போடு ராணி. நான் பாடறேன்."

சனிக்கிழமை அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரவிருந்தது. அக்கா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கன்னடம் சரளமாகப் பேசுவார், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நான் அப்போது வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலை கூப்பிட்டு அந்தத் தீர்மானத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இன்னாதான் சொல்றாங்க?"

"உங்கமேல நம்பிக்கை இல்லையாம்."

"அத்த சொல்ல இத்தினி பக்கமா?"

அக்காவுக்காகத் தூக்கும் கைகளை எண்ணிப் பார்த்ததில் ஒரு கை குறைந்தது. புதன்கிழமை நானும் உடன் போயிருந்த ராபர்ட்சன்பேட்டை நகரசபை அலுவலகத்தில், அந்த ஒரு கைக்குரியவரே வந்து உட்கார்ந்தார். கடைவீதிப் பக்கத்து உறுப்பினர். மகளுக்குக் கல்யாணம், வீடு நிறைய விருந்தாளிகள். கல்யாணம் முடியும்வரை டேங்கர் அவர் தெருவுக்கு முதலில் வர வேண்டும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி அக்கா. நன்ன ஓட்டு நிமகே" என்றார். கொஞ்சம் அனுசரித்தால் தன் ஓட்டு அக்காவுக்கே என்று பொருள். அவர் கெட்டவர் அல்ல. பெண்ணைப் பெற்றவரின் பதற்றம் முகத்தில் தெரிந்தது.

தண்ணீர் முறைப்படிதான் வரும், கல்யாணத்தன்று பாத்திரம் கழுவ வேண்டுமானால் நானே வருகிறேன் என்று அக்கா கன்னடத்தில் பதில் சொன்னார். உறுப்பினர் சிரிக்காமல் எழுந்து போனார்.

திரும்பும் வழியில் நான் வாதாடினேன். சில நாள் வளைந்து கொடுத்தால் பதவி நிற்கும், பதவி நின்றால் ஊருக்கு இன்னும் எவ்வளவோ செய்யலாம் என்றேன். படித்த புத்தகங்களெல்லாம் அப்போது என் பக்கம் இருந்ததாக நினைப்பு. அக்கா முழுவதையும் கேட்டார்.

"நீ சொல்றது சரியாத்தான் கீது. ஆனா மொத கேஜ்ல ஏறி மேல போய் நின்னுகினு, கீழ கீறவங்களுக்கு நல்லது பண்றேன்னா எவன் நம்புவான்?"

சனிக்கிழமை அந்த ஒரு கையால் தோற்றார். நகரசபைக் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இனி தண்ணீர் வரிசை என்னாகும் என்பதுதான் லைன் முழுவதும் பேச்சு. திங்கட்கிழமை விடிந்ததும் டேங்கர் நிரப்பும் இடத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் இன்னாக்கா உனுக்கு இங்க?" என்றார் ராணி அக்கா.

"சீட்டுதான் போச்சி. வார்டு கீதுல்ல?"

அந்தக் கோடையிலும் அதற்குப் பின் வந்த கோடைகளிலும், உடம்பு இடம் கொடுத்தவரை அங்கே போய் நின்றார். அவர் கண்ணெதிரே வரிசையை மாற்ற எந்தத் தலைவருக்கும் துணிவு வரவில்லை.

நான் பங்காருபேட்டையிலிருந்து திரும்பியபோது வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அக்கா பெட்டியில் இருந்தார். வந்த உறவினர்களுக்குக் கால் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. டிரம்கள் வறண்டு கிடந்தன. அப்போதுதான் டேங்கர் எங்கள் லைனுக்குள் திரும்பியது. எந்தத் தெருவுக்கும் போகாமல், நிறைந்த டேங்கர், முதன்முதலாக எங்களிடம் வந்தது. நாங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம்.

ராணி அக்கா நடுத்தெருவில் போய் வண்டியை மறித்து நின்றார். "இன்னா பாய், வழி மறந்துட்டியா?"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அக்காவுக்காகத்தான் மா, இன்னிக்கு ஒருநாளு..."

"பெட்டியில கீறாங்க, கேக்காதுன்னு நெனச்சியா? போ. எல்லாருக்கும் ஊத்திட்டு வா."

கண் வீங்கிச் சிவந்திருந்தது, குரல் உடையவில்லை. டேங்கர் பின்னோக்கி நகர்ந்து போயிற்று. நான் என் குடத்தைக் கீழே வைத்தேன்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது டேங்கர் வந்து நின்றிருந்தது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை. ரயில் பயணத்தில் களைத்திருப்பேன் என்று ராணி அக்கா என்னை முன்னே போகச் சொன்னார். நான் போகவில்லை. எங்கள் வரிசையின் கடைசியில் ஃபுளோரா அக்காவின் குடம் எப்போதும் இருக்கும் இடம் காலியாக இருந்தது. அங்கே என் குடத்தை வைத்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த இடம்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கும் தெரியாது.