மூலையில் இருக்கும் தேதி

கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு நேற்றுச் சின்னவள் கேட்டாள். "அப்பா, இந்தத் தேதியில நான் பொறக்கவே இல்லையே. அப்புறம் எப்படி அம்மா மடியில உக்காந்திருக்கேன்?"

"நீ பேய்" என்றான் பெரியவன்.

அவன் சொன்னதைச் சின்னவள் பாதி நம்பிவிட்டாள் போலிருக்கிறது. சாப்பிடும்போதும் முகம் சரியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. டாக்யார்டில் ஃபிட்டர் வேலை செய்கிறவன் இவ்வளவு தாள் எடுத்து உட்கார்வதே அதிகம். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் பேய் யாரும் இல்லை.

அந்தக் கேமரா ஹேவ்லாக் தீவிலிருந்து வந்தது. அங்கே ஒரு ரிசார்ட் சமையலறையில் வேலை பார்த்த என் கூட்டாளி, தான் புதிதாக ஒன்று வாங்கியதால் பழையதை என்னிடம் கொடுத்தான். வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு, இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் ஓடும். கூடவே வரவேண்டிய புத்தகம் எங்கேயோ தொலைந்துவிட்டது. "புக் எதுக்குடா? பட்டன அமுக்கு, படம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அமுக்கினால் படம் வந்தது. என்ன படம் வரும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மேலே ஒரு சக்கரம். அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள்: மலை, பூ, நிலா, ஓடுகிற ஆள். நாம் அப்போதும் மரைன் ஹில் குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம். மலையில் இருக்கிறோமே என்று மலைக்குத் திருப்பினேன். உங்கள் அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு நின்றபோது பூவுக்குத் திருப்பினேன். சுவர் தெளிவாக விழுந்தது, அம்மா புகை மாதிரி விழுந்தாள். நமக்குத்தான் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறதே, அது நிலாக் கணக்கா பகல் கணக்கா என்று தெரியாமல் சக்கரத்தை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைத்த நாளும் உண்டு.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். உள்ளே போய்ப் பட்டன்களை நோண்டிக்கொண்டிருந்தபோது பாஷைகளின் வரிசை ஒன்று வந்தது. தமிழ் இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடினேன், இல்லை. ஆனால் ஒரு எழுத்து, சுழிசுழியாக, நம் எழுத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருந்தது. வெள்ளைக்கார எழுத்துக்கு இது தேவலை என்று அதை அமுக்கினேன். அவ்வளவுதான். அதன்பிறகு கேமரா பேசியதெல்லாம் அந்தச் சுழி எழுத்தில்தான். திரும்பி வர வழி தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வீட்டில் சொல்ல எனக்கு மனசில்லை.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஓடாமல் கரையில் நிற்கிற படகு என்றால் பேட்டரி வயரை முதலில் கழற்றி வைக்க வேண்டும். எங்கள் வொர்க்ஷாப்பில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பது அது. கேமராவையும் நான் படகாகவே நினைத்தேன். படம் எடுத்து முடித்தால் இரண்டு பேட்டரியையும் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிடுவேன். திரும்பப் போட்டதும் ஒவ்வொரு தடவையும் திரையில் கட்டங்களும் எண்களுமாக ஏதோ கேட்கும். நான் பார்க்காமல் நடுப் பட்டனை அமுக்கிவிடுவேன், போய்விடும். நலமா என்று விசாரிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் உங்கள் அத்தை கச்சால் தீவிலிருந்து டாக்டரிடம் கண் காட்ட வந்தாள்.

அத்தையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து நம் சனத்தைக் கூட்டிவந்து கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடிவைத்தார்கள். நான் வேலைக்காக இங்கே வந்துவிட்டேன், அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். சுனாமி அன்று காலையில் மாமா, படகு வந்து நிற்கிற ஜெட்டிப் பக்கம் இறங்கிப் போனவர். திரும்பவில்லை. பிறகு முகாமில் அதிகாரிகள் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்தபோது, போட்டோ இருக்கிறதா என்றார்கள். டிரங்குப் பெட்டியோடு எல்லாம் போய்விட்டிருந்தது. "ஒசரமா இருப்பாரு சார்" என்று மட்டும் சொன்னாளாம். அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றவளும் தன் புருசனைப் பற்றி அதையேதான் சொன்னாளாம்.

அதனால் அத்தைக்கு ஒரே ஆசை. மிச்சம் இருக்கிற சொந்தம் எல்லோரும் முகம் தெரிகிற மாதிரி ஒரு படத்தில் இருக்க வேண்டும், அதைக் கையோடு கச்சாலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அவள் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் வாசலில் எல்லோரும் கூடினோம். அத்தை நாற்காலியில். படியில் உட்கார்ந்த அம்மா மடியில் சின்னவள். பெரியவன் பல்லைக் காட்டக்கூடாது என்று பிடிவாதம். நான் பின்னால். கீழ்வீட்டு வங்காளி அண்ணன், தாதா என்று கூப்பிடுவோமே, அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அன்று சக்கரம் எங்கே இருந்ததோ, எல்லா முகமும் தெளிவாக விழுந்தது. அபர்டீன் பஜாருக்கு ஓடிப்போய்ப் பிரிண்ட் போட்டு அத்தை கையில் கொடுத்தேன்.

அத்தை ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். விரல் மூலைக்கு வந்ததும் நின்றது.

"தம்பி, இது என்ன நம்பர்?"

ஆரஞ்சு நிறத்தில் தேதி. கேமராவின் சின்னத் திரையில் அது என் கண்ணில் பட்டதே இல்லை. ஜனவரி முதல் தேதி. வருசம், சுனாமி வந்த அதே வருசம். அலை டிசம்பரில் வந்தது. படத்தின்படி அலைக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருசம் இருந்தது.

"சும்மா மெஷின் தப்புக்கா. விடு."

"என்னத்த விடுறது. இந்தத் தேதியில ஒன் மச்சான் உசுரோட இருந்தாரு." படத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "நாளைக்குப் பாக்குறவங்க என்னா கேப்பாங்க? எல்லாரும் இருக்கீங்க, அந்த மனுசன மட்டும் எங்கடி விட்டீங்கன்னு கேக்க மாட்டாங்க?"

"மூலைய வெட்டிடச் சொல்றேன்."

"மூலையில சின்னவ காலு இருக்கு. யாரையும் வெட்டக்கூடாது. என்னால ஏலாது தம்பி, இதக் கொண்டுபோயி சொவத்துல மாட்ட."

மறுநாள் சாயங்காலம் கப்பல். காலையிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தேதியை மாற்ற வேண்டும். அதற்கு அந்த எழுத்தைப் படிக்க வேண்டும். படிக்க வேண்டுமென்றால், அது யாருடைய எழுத்து என்று தெரிய வேண்டும். நம் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒரு பாஷை, ஒருத்தருக்காவது தெரியாமலா போகும் என்பது என் கணக்கு.

முதலில் வங்காளி தாதா. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யே தோ ஆப்கா மதராசி ஹை நா?" உங்கள் எழுத்துதானே என்கிறார். நான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. தன் பாஷை தனக்கே தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மாடியில் தெலுங்குக்காரர் வீட்டில், "எங்களுது கிடையாது அண்ணா, மலையாளமா இருக்கும்" என்றார்கள். மலையாளச் சேட்டன் பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். "இது மலையாளம் அல்ல. தெலுங்கரிடம் கேட்டோ?" கேட்டாயிற்று என்றேன். "எங்கில் ஒரியா ஆகும்." அப்படியானால் ஒரியாவாக இருக்கும் என்கிறார். ஒரியாக்காரர் டூட்டிக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஹமாரா நஹீ", எங்களுடையது இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள், ஏதோ நான் தொலைந்த கோழிக்கு உரிமையாளரைத் தேடுகிற மாதிரி.

சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது உங்கள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கப்பல் இஞ்சினையே பிரிச்சு மாட்டுறீங்க. இத்துனூண்டு டப்பாவுக்கு ஊர்வலமா?"

உள்ளே போய் உட்கார்ந்தேன். கை தன் பழக்கத்துக்குப் பேட்டரியைக் கழற்றியது. கழற்றியபிறகுதான், இன்னும் வேலை முடியவில்லையே என்று திரும்பப் போட்டேன். திரை எரிந்தது. வழக்கம்போல் அந்தக் கட்டங்கள். விரல் நடுப் பட்டனுக்குப் போனது.

"பொறு" என்று அத்தை என் கையைப் பிடித்தாள். "மூலையில இருந்த நம்பருதானே இது?"

பார்த்தேன். அதுதான். ஒன்று, ஒன்று, அந்த வருசம். பேட்டரியைக் கழற்றியதும் தேதியை மறந்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் கேமரா என்னிடம் இதைத்தான் கேட்டிருக்கிறது. மேலே இருந்த சுழி எழுத்துக்குத்தான் நான் பயந்தேனே தவிர, கீழே இருந்த எண்கள் யாருக்கும் தெரிந்த எண்கள்தான். அத்தைக்குப் படிப்புக் கிடையாது, ஆனால் எண் தெரியும்.

மேல் அம்பை அமுக்கினேன். வருசம் ஒன்று கூடியது. அத்தை திரையையே பார்த்தபடி, "தகரக் கொட்டா" என்றாள். அந்த வருசம் அவர்களைத் தற்காலிகத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை அமுக்கினேன். "இதுவும் தகரந்தான். மழைக்கு ஒரே சத்தம்." அடுத்தது. "திரும்ப ரப்பர் வெட்டப் போனேன்." அதற்கடுத்த வருசத்தைத் தாண்டச் சொல்லிக் கையை ஆட்டினாள். பிறகு, "இது வீடு குடுத்தது." நான் மெதுவாகத்தான் அமுக்கினேன். வேகமாக அமுக்க வரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வருசத்துக்கு வந்து சேர்ந்ததும், "நிப்பாட்டு" என்றாள்.

மீதி இரண்டு கட்டத்தில் எது மாசம், எது தேதி என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு தைரியத்தில் போட்டேன்.

"இனி பேட்டரியக் கழட்டுன, கைய ஒடைப்பேன்" என்றாள் அத்தை.

திரும்பவும் எல்லோரும் வாசலில். திரும்பவும் தாதா. "கல் தோ கிச்சா தா" என்று முணுமுணுத்தார். நேற்றுத்தானே எடுத்தேன் என்கிறார். இன்னொரு தடவை என்று மட்டும் கெஞ்சினேன். நல்லவர், எடுத்தார். இந்தத் தடவை பெரியவன் பல்லைக் காட்டிவிட்டான். சின்னவள் கண்ணை மூடிவிட்டாள். வேறு எடுக்க நேரமில்லை.

பிரிண்டோடு ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு வந்தபோது அம்மாவும் நீங்களும் அத்தையும் மூட்டைகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஏறச் சொல்லி மைக்கில் இந்தியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை உறையிலிருந்து படத்தை எடுத்தாள். இந்தத் தடவை முகங்களைப் பார்க்கவில்லை. மூலையைத்தான் முதலில் பார்த்தாள்.

"சரியாக்கா?"

"ம். இதுல அவரு இல்லாதது சரிதான்."

மாசமும் தேதியும் இடம் மாறியிருப்பதை நான் அப்போதே கவனித்தேன். சொல்லவில்லை.

பழைய படத்தைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள். "இத நீ வெச்சுக்க. கிழிச்சிடாத."

"இது தப்பான படந்தானே?"

"எனக்குத் தப்பு. நீ மாட்டி வெய்யி. யாராச்சும் கேட்டா, மச்சான் ஜெட்டிப் பக்கம் எறங்கிப் போயிருக்காரு, வந்துருவாருன்னு சொல்லு."

கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறிப் போய்விட்டாள். அவள் சொன்னது எனக்கு முழுசாகப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. ஆனால் சொன்னபடி மாட்டிவைத்தேன்.

சின்னவளே, உன் கேள்விக்கு இதுதான் பதில். நீ பேய் இல்லை. மூலையில் இருக்கும் தேதிதான் தப்பு. இனிமேல் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்து, மாமா எங்கே என்று கேட்டால், அத்தை சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடு.