மின்மினி விளக்கை அணைத்த மருந்து

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் பொய் என்றாலும் என் நாக்கு அழுகட்டும். நாக்கு அழுகிவிட்டால் மீதிக் கதையைச் சொல்ல ஆள் கிடைக்காது என்பதால் இப்போதே ஒத்துக்கொள்கிறேன்: அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். எலியை யானை என்று சொல்ல மாட்டேன். பெருச்சாளி என்று சொல்வேன், அவ்வளவுதான்.

கேட்கிறவர்கள் யார்? ஆராய்ச்சிக் கூடத்தின் கேன்டீனில் டீ ஆறும்வரை வாய் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பேர்: கேன்டீன்காரம்மா, லிஃப்ட்காரர், வேன் டிரைவர்.

அந்தக் கூடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு விஞ்ஞானி. கட்டடமே அவளைப் பனிக்கட்டி என்றுதான் கூப்பிடும். சிரிக்கவும் மாட்டாள், சீறவும் மாட்டாள். ஒருநாள் தீ மணி அடித்து எல்லாரும் செருப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடியபோது, அவள் கையிலிருந்த தட்டை மூடி, பெட்டிக்குள் வைத்து, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அதற்குள் நெருப்பே பொறுமை இழந்து தானாக அணைந்துவிட்டது.

அவள் வேலை இதுதான். நம் ரத்தத்தில் கிருமியைத் தேடி அடிக்கிற செல்கள் இருக்கின்றன. காவல்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் வாசலை ஏதாவது தட்டினால், அந்தச் சேதி உள்ளே ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும். கடைசியில் நடுவில் குந்தியிருக்கிற பெரியவருக்கு எட்டி, 'போடுங்கடா அடி!' என்று உத்தரவு வரும். குடும்பத்தில் ரகசியம் பரவுகிற மாதிரிதான், ஆனால் அதைவிடக் கொஞ்சம் மெதுவாக. சிலர் உடம்பில் இந்தக் காவல்காரர்களுக்குப் புத்தி பிசகி, சொந்த வீட்டையே அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சேதியை நடுவழியில் மறிக்க ஒரு மருந்து வேண்டும். அதைத்தான் அவள் தேடினாள்.

செல்லோ கண்ணுக்கே தெரியாதது. உள்ளே சேதி போனதா, நின்றதா என்று எப்படித் தெரியும்? அதற்குச் செல்லுக்குள் மின்மினிப் பூச்சியின் விளக்கைப் பொருத்திவிடுவார்கள். நிஜ மின்மினியேதான். அது வெளிச்சம் போடுகிற புரதத்தைச் செல்லும் செய்யும்படி பழக்கிவிடுவார்கள். சேதி போய்ச் சேர்ந்தால் விளக்கு எரியும், மறிபட்டால் எரியாது. உள்ளங்கை அகலத் தட்டில் முந்நூற்றெண்பத்து நான்கு குழிகள். குழிக்கு ஒரு சொட்டுச் செல், குழிக்குக் குழி வேறு வேறு மருந்தில் ஒரு துளி. தட்டை ஒரு கருவிக்குள் விட்டால் எது எரிகிறது, எது எரியவில்லை என்று அது சொல்லும்.

எல்லாமே எரியும். எரிந்தால், 'அந்த மருந்து நான் இல்லை' என்று அர்த்தம். வாடகை வீடு தேடி நாலு வாசலில் 'இல்லை' வாங்கினாலே நமக்குச் சோறு இறங்காது. அவள் வருஷக் கணக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆயிரம் ஆயிரமாக 'இல்லை' வாங்கினாள். முதலில் வலித்தது. அப்புறம் மரத்துவிட்டது. வீட்டில் குழம்புக்கு உப்பு இல்லை என்று புருஷன் சொன்னால்கூட, 'சரி, அடுத்தது' என்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி, தையல்காரன். அளவெடுக்காமலே சட்டை தைப்பான். ஆள் தெருமுனையில் திரும்பும்போதே காலர் அளவு சொல்லுவான். அவன் விரல் மூட்டுகளில்தான் அந்தப் புத்தி பிசகிய காவல்காரர்கள் குடியேறியிருந்தார்கள். காலையில் கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாது. தினமும் மத்தியானம் அக்காவுக்குப் போன் போடுவான்.

"என்னக்கா, இன்னிக்காவது ஏதாச்சும் தேறிச்சா?"

"இல்லடா."

"சரி, போய் சாப்புடு. மருந்து எங்கயும் ஓடிடாது."

ஒருநாள் ஒரு குழி இருட்டாக வந்தது. செல் செத்தாலும் விளக்கு அணையும் என்பதால் அதைப் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தது. மருந்தைக் கூட்டக் கூட்ட விளக்கு மங்கியது, குறைக்கக் குறைக்கப் பளிச்சிட்டது. இன்னும் ஒரு சோதனைதான் பாக்கி. செல்லே இல்லாமல் வெறும் மின்மினிப் புரதத்தோடு மருந்தைக் கலந்து, அது விளக்கை மட்டும் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் புரதம் தீர்ந்துபோய், புதிதாக வரவேண்டியது வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என்னக்கா, தேறிச்சா?"

அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "ஒண்ணு தேறியிருக்கு போலடா. ஆனா இன்னும் பார்க்கணும். மருந்தா வர்றதுக்குப் பல வருஷம் ஆகும். ஒண்ணுமே இல்லாமலும் போயிடலாம்."

அந்தப் பக்கம் முதல் பாதி மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. "அடியே, இங்க வா! அக்கா மருந்து கண்டுபிடிச்சிட்டா!" என்று அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையின் பல்பு வெடித்தது.

புரதம் மாசக் கணக்கில் இழுத்து ஒருவழியாக வந்தது. சிறு குழாயில் விட்டாள். செல் இல்லை, சேதி இல்லை, ஒன்றுமில்லை, வெறும் மின்மினி வெளிச்சம். அதில் மருந்தைச் சொட்டினாள். அணைந்துவிட்டது. மருந்து போட்ட செல்கள் அடிக்கும்போது வெளியே கக்கும் வேறொரு புரதத்தையும் அளந்து பார்த்தாள். இம்மியும் குறையவில்லை. மருந்து விளக்கைத்தான் அணைத்திருக்கிறது. காவல்காரர்கள் இருட்டில் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள்.

"நம்ம வேலையில இதுல வழுக்காத ஆளே கிடையாதும்மா. நானே மூணு தடவை விழுந்திருக்கேன். வருத்தமா இருக்கா?"

"தெரியல, சார்."

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. வருத்தம் இருக்கவேண்டிய இடத்தில் தடவிப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கன்னம் இருக்கிறது, ஆனால் அது யாருடையதோ. தட்டுகளைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தாள்.

அப்போது தம்பி பெண்டாட்டி போன் செய்தாள்.

"அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்து மாசக் கணக்காச்சு. 'எங்கக்கா மருந்து வரட்டும், ஊரான் ஊசி எனக்கெதுக்கு'ன்னு இவரு போட்டுக்கவே மாட்டேங்கிறாரு. ரெண்டு விரல் மடங்கவே இல்ல அண்ணி."

"நான் வரேன்" என்றாள். ஆராய்ச்சிக் கூடத்து வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்து, அப்படியே தெருவில் நடந்தாள். கசாப்புக் கடைக்காரர் யாரோ சுகாதாரச் சோதனைக்கு வருகிறார் என்று நினைத்து ஷட்டரை இறக்கினார்.

தையற்கடையில் தம்பி இடது கையால் துணி வெட்டிக்கொண்டிருந்தான். வலது கை மடியில் கிடந்தது.

"வா வா! டாக்டரம்மா கோட்டோடவே வந்துட்டாங்க. மருந்தைக் கையோட கொண்டுவந்துட்டியா?"

"அது மருந்து இல்லடா."

"என்னது?"

"நான் தப்பாப் பார்த்துட்டேன். அது செல்லை ஒண்ணும் பண்ணல. நாங்க வெச்ச விளக்கை மட்டும்தான் அணைச்சிருக்கு."

கத்தரிக்கோல் துணியின் நடுவிலேயே நின்றது.

"அப்ப ஒண்ணு பண்ணு" என்றான் தம்பி. "அதை மச்சானுக்குக் கொடு. புத்தகத்தை மூஞ்சியில கவுத்துக்கிட்டு, விளக்கைப் போட்டுட்டே தூங்குறாருன்னு சொல்லுவியே."

அவன் பெண்டாட்டி சிரிக்கப் பார்த்து முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

"ஊசி போட்டுக்கடா" என்றாள் அக்கா. "என் மருந்துக்காகக் காத்திருக்காத. நான் கண்டுபிடிக்கவே மாட்டேனோ என்னமோ."

"இதைச் சொல்றப்பவாச்சும் அழக் கூடாதா? எனக்கே அழுகை வருதுக்கா."

"வரல. என்ன பண்ணச் சொல்ற?"

அவன் வீங்கிய கையைத் தூக்கி அவள் கைமேல் வைத்தான். "இது சூடா இருக்குல்ல?"

"இருக்கு."

"அது தெரியுதுல்ல? போதும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீயும் கூட வா. எனக்கு ஊசின்னா பயம்."

போனார்கள். ஊசி வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஆனால் மடங்காமல் நின்ற அந்த இரண்டு விரல்கள் நின்றது நின்றதுதான். கத்தரிக்கோலை இடது கைக்கே மாற்றிக்கொண்டான். அவள் மறுபடி மூன்றாவது மாடிக்குப் போய் அடுத்த தட்டை எடுத்தாள்.

கேன்டீன்காரம்மா டம்ளரை டொக்கென்று வைத்தார். "எல்லாம் அவ வாயால வந்தது. சோதனை முடியறதுக்கு முன்னாடி எதுக்குச் சொன்னா? ரெண்டு விரல் போச்சே!"

"இன்னும் பார்க்கணும்னு சொன்னாளே, அது உங்க காதுல விழலையா?" என்றார் லிஃப்ட்காரர். "அரைகுறையாக் கேட்டுட்டு ஊசியைத் தள்ளிப்போட்டது அவன்."

"ஆமா, ஒரு பொம்பளையப் பார்த்து அழக் கூடாதான்னு கேக்குறானே, அதுக்கே அவனை..." என்று டிரைவர் வாயைத் திறந்தார்.

"நீ சும்மா இருய்யா! பெத்த தாய் செத்தப்பவே நீ அழல!" என்று கேன்டீன்காரம்மா பாய்ந்தார்.

"எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?"

"அவர் அழுதாரு, நான் பார்த்தேன்!" என்றார் லிஃப்ட்காரர்.

"எங்க பார்த்தே? நீ லிஃப்டை விட்டு வெளிய வந்ததே கிடையாதே!"

லிஃப்ட்காரர் எழுந்தார். ஸ்டூல் கவிழ்ந்தது. டிரைவர் மடியில் டீ கொட்டியது.