பெரிய பூனையாகக் கேட்பவர்

அடிகுழாயின் இரும்புத் தண்டில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, பத்து எண்ணுகிற நேரம் அப்படியே நிற்கிறார் முத்துமாரியம்மாள். அதற்கு முன்பே முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று. நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பொடியை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாயிற்று. கையை எடுத்ததும் வேறெதையும் தொடாமல், தோளால் கதவை ஒரு சாண் அகலத்துக்குத் தள்ளி, பக்கவாட்டில் நுழைந்து, குதிகாலால் சாத்துகிறார். கதவு முழுதாகத் திறந்தால் உள்ளே இருக்கும் பூனை தெருவைப் பார்த்துவிடும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரைச்சக்கரம் சுற்றுகிறார். அங்கே ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்ட பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு பொறி என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் எதற்கு? கேட்டேன்.

“அதுக்கு முடி அம்புட்டு இருக்குல்ல தாயி. ஆடிக் காத்துல தொட்டாச் சடசடங்கும். அதுக்கும் சுருக்குங்கும், எனக்கும் சுருக்குங்கும்.”

நான் அதே தெருக்காரி, அவரை அத்தை என்று கூப்பிடுபவள், இயற்பியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நிலைமின்னியலில் அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பூனையைத் தொடுவதற்கு முன் அடிகுழாயைத் தொடலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

பூனைக்குட்டி என்றால் யாரும் மடியில் வாங்கிக்கொள்வார்கள். முத்துமாரியம்மாளுக்கு வளர்ந்த பூனைதான் வேண்டும், அதுவும் ஐந்து வயதுக்கு மேல். காரியாபட்டியில் இசைவாணி என்கிற பெண் பாரசீகப் பூனைகளை வளர்த்துக் குட்டிகளை விற்கிறார். தாய்ப்பூனையோ கடுவனோ ஐந்தாறு வயதைத் தொட்டதும் அதைத் தொழிலிலிருந்து நிறுத்தி, கருத்தடை ஆபரேஷன் செய்து, நல்ல வீடாகப் பார்த்துச் சும்மா கொடுத்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அறிவிப்பை வேடிக்கைக்காக என் போனில் வாசித்துக் காட்டினேன். ‘ஓய்வு பெற்ற பூனைகள்’ என்று போட்டிருந்தது. முத்துமாரியம்மாள் சிரிக்கவில்லை. “பூனைக்கு ரிட்டையர்மெண்டு குடுக்காகளா?” என்றவர், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்படி வந்ததுதான் சுல்தான். சாம்பல் நிறம், பூசணிக்காய் கனம், யாரோ முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போன்ற சப்பை மூக்கு. பேரை மாற்றவில்லை. ஆறு வருடம் கேட்டுப் பழகிய பேரை மாற்றினால் அது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கும் என்பது அவர் வாதம்.

கொடுப்பவர் கேள்வி கேட்பதுதான் வழக்கம். இங்கே வாங்குபவர் கேட்டார். எத்தனை மணிக்குத் தின்னும், எதற்குப் பயப்படும், யாரைப் பார்த்தால் சீறும், கொண்டுவந்த பிறகு யாரையாவது தேடுமா. போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள், இவரோடு ஒரே அறையில் சக்கரம் சுற்றுபவர், வாசலில் நின்று கேட்டுவிட்டு, “என்னக்கா, சம்பந்தமா பேசுறீக? பூவும் பழமும் வாங்கிட்டு வரவா?” என்றார். முத்துமாரியம்மாள் கையால் அவரை அடக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஏன் பெரிய பூனை என்பதற்கு நான் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன். மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். கணவர் இறந்து ஒன்பது வருடம். உழைத்து ஓய்ந்த ஓர் உயிரில் தன்னையே பார்க்கிறார். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்றுகூட நினைத்தேன். அவரிடமே கேட்டபோது கிடைத்தது இது:

“குட்டின்னா எப்படி வருமின்னு யாருக்குத் தெரியும்? பத்து மணி நேரம் ஆளில்லாத வீடு. சீலையக் கிழிக்கும், கத்தும். பெருசுன்னா கொணம் தெரிஞ்சு எடுக்கலாம். மண்ணுத் தட்டுல போகத் தெரியும். நான் வர்ற வரைக்கும் தூங்கும்.”

என் கட்டுரையை அங்கேயே விட்டேன். விட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சுல்தானோடு ஒரு சான்றிதழும் வந்தது. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று நான்கு தலைமுறைப் பேர்கள், நிறம், பிறந்த தேதி. அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு என் தாத்தாவின் அப்பா பேர் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, பண்ணையில் எல்லோரையும் ஒரே சாதிப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றார். முத்துமாரியம்மாள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு பூட்டன் பேரு வரைக்கும் இருக்கு. நமக்கு ரேசன் கார்டுல என்ன இருக்கு?” என்று அரிசிப் பானைக்கு மேலே பத்திரமாகச் செருகினார்.

இந்த ஆடியில் இரண்டாவது பூனை வந்தது. டச்சஸ். ஆறு வயது, பாலாடை நிறம், நான்கு ஈற்று ஈன்றவள். இந்தத் தடவை இசைவாணி நிபந்தனை போட்டார். தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூன்று நாள் தின்னவில்லை என்றால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். டச்சஸ் சுல்தான் மாதிரி இல்லை, மனம் கோணினால் பட்டினி கிடப்பாள் என்றார். பேச்சின் நடுவே, “உங்க வீடு ஊருக்குள்ள எந்தத் தெருக்கா?” என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வண்டி கொண்டுவரத்தான் கேட்டிருப்பார். இருக்கலாம். முத்துமாரியம்மாள் தெருப் பேரைச் சொல்லி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்றாவது வீடு என்று அடையாளமும் சொன்னார்.

முதல் மூன்று நாளும் டச்சஸ் கட்டிலுக்கடியில் இருந்தாலும் கிண்ணத்தைக் காலி செய்தது. வியாழக்கிழமை விடியற்காலை தானாகவே வெளியே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. கரண்டு இல்லை, வீடு இருட்டு. சுல்தானுக்கு மரச் சீப்பு. டச்சஸோடு வந்திருந்தது பிளாஸ்டிக் சீப்பு. சந்தோஷத்தில் அதை எடுத்து முதுகில் ஓர் இழுப்பு இழுத்தார். சடசடப்பு அவருக்குத் தெரிந்ததுதான். வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். முடிக்குள் நீலமாக நாலைந்து பொறிகள் ஓடின.

அந்த நொடியில் அது பூனை என்பது அவருக்கு மறந்துவிட்டது. பொறியைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு தடவை சொல்லித்தருவதைக் கை செய்துவிட்டது. பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றினார்.

டச்சஸ் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டிக்குப் பின்னால் போனது. போனதுதான்.

அன்று சாயங்காலம் கிண்ணம் நிறைய இருந்தது. படம் எடுக்கப் போன நான், “அத்த, இதச் சுல்தானுக்கு வச்சிட்டு வெறுங்கிண்ணத்த எடுத்து அனுப்பிருவோம். நாளைக்குத் தின்னுரும்ல” என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் கிண்ணத்தைக் கட்டிலுக்கடியிலேயே திரும்பத் தள்ளிவைத்தார். “செக்கிங் வார அன்னைக்கு மட்டும் தகட்டத் தொடுற ஆளு மாதிரி பேசுதியே தாயி.”

பிறகு போனைப் போடச் சொன்னார். இசைவாணி எடுத்ததும் நலம் கேட்கவில்லை, சுற்றிவளைக்கவில்லை. “மேடம், நாந்தான் ஒரு வாளித் தண்ணிய மேல ஊத்திட்டேன். தீப்பிடிச்சிருச்சின்னு நெனச்சேன். இப்பந் திங்கல.” இசைவாணி, ஞாயிற்றுக்கிழமை காலை கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை உப்பில்லாமல் அவித்த கோழி. சனிக்கிழமை முள் எடுத்த மீன். இரண்டையும் சுல்தான் தின்றது. நான் சாத்தூர் போய்க் கால்நடை மருத்துவரைக் கேட்டேன். கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்து, மூன்று நாளுக்கு மேல் விடாதீர்கள் என்றார். அதை அப்படியே வந்து சொன்னேன். முத்துமாரியம்மாள் வெறுந்தரையில் கட்டிலைப் பார்க்கப் படுத்திருந்தார். டச்சஸைக் கூப்பிடவில்லை. நனைந்த தரையை வியாழக்கிழமையே ஏழு தடவை துடைத்திருந்தார் என்று பஞ்சம்மாள் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம், பூனை வந்த பிளாஸ்டிக் கூண்டைக் கழுவிக் காயவைத்தார். டச்சஸின் சான்றிதழை உறையில் போட்டார். அப்புறம் என்னை ஒரு தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். ஆறு நாளில் தான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். குக்கர் சத்தம் ஆகாது. சுவரை ஒட்டித்தான் படுக்கும். இடது காதைத் தொட்டால் தலையை இழுத்துக்கொள்ளும், உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, தட்டில் வைத்தால் குடிக்கும்.

“இது எதுக்கு அத்த? வளத்தவுகளுக்குத் தெரியாததா?”

“அவுக இன்னொரு வீட்டுக்குத்தான குடுப்பாக. அங்கன உள்ளவுகளுக்குத் தெரியணும்ல.” தாளின் அடியைக் காட்டி, “தண்ணி ஊத்துன கதையையும் எழுது” என்றார். எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கே கார் வந்துவிட்டது. இசைவாணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். துடைத்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. நான் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன். தாளை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தார். “காது விசயம் எனக்கே தெரியாதுக்கா” என்றார். பிறகு துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, சிமெண்டுத் தரையில் வயிறு படக் குப்புறப் படுத்து, “டச்சு, டச்சும்மா” என்று கட்டிலுக்கடியில் கையை நீட்டினார். விரலில் குழாயிலிருந்து பிதுக்கிய மீன் பசை இருந்தது. நாற்காலியைப் பற்றி நான் நினைத்தது எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பெட்டிக்குப் பின்னால் ஏதோ உரசியது. பாலாடை நிறத் தலை ஒன்று வெளியே வந்து, அந்த விரலை முகர்ந்து, நக்கியது. மூன்று நாளில் முதல் தடவை.

முத்துமாரியம்மாள் அதைப் பார்த்தார். திரும்பிக் கூண்டின் கதவைத் திறந்து, அடியில் ஒரு பழைய சேலைத் துண்டை விரிக்க ஆரம்பித்தார்.

“அத விடுங்கக்கா. இங்க வாங்க, கையக் குடுங்க” என்றார் இசைவாணி, தலையைத் திருப்பாமல். “உங்க கையிலயும் தின்னுச்சின்னா இங்கனயே இருக்கட்டும். இல்லையின்னா கூட்டிட்டுப் போறேன்.”

முத்துமாரியம்மாள் அவருக்குப் பக்கத்தில் படுத்தார். ஆள்காட்டி விரலில் பசையை வாங்கிக்கொண்டு, இசைவாணியின் கை இருந்த இடத்துக்குத் தன் கையை நகர்த்தினார். டச்சஸ் பின்னால் போனது. ஒரு நிமிடம், அதற்கும் மேலே. அவர் விரல் ஆடவே இல்லை.

தீபாவளிச் சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் லோடு இருந்தது. வெளியே கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. வராதவர்களுக்கு வாரப் போனஸ் போய்விடும். இரண்டாவது ஹாரன். “ஏக்கா, வண்டி நிக்கி, டிரைவர் வைய்யுதாரு” என்று பஞ்சம்மாள் ஜன்னலோரம் வந்து சொன்னார்.

கட்டிலுக்கடியில் டச்சஸ் கழுத்தை மட்டும் நீட்டியது. முகர்ந்தது. இழுத்துக்கொண்டது. திரும்ப நீட்டி, நாக்கின் நுனியால் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, நக்கத் தொடங்கியது.

முத்துமாரியம்மாள் கன்னத்தைத் தரையோடு வைத்தபடி, அந்த விரலை அசைக்காமல், இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் தூக்கி, வாசல் பக்கமாக மணிக்கட்டை இரண்டு தடவை ஆட்டினார். வேன் போகலாம்.